இடுப்பளவு

உங்கள் யூனிஃபார்ம் பேன்ட்டை யார் தைத்தார்கள் என்று தெரியவில்லை, மேடம், ஆனால் சீட்டில் ஒன்றரை அங்குலம் வீணாகத் தொங்குகிறது. ஆண் போலீசுக்குத் தைக்கிற கணக்கிலேயே பெண் போலீசுக்கும் தைத்துத் தள்ளிவிடுகிறார்கள். நின்றால் தெரியாது, நடந்தால் தெரியும். சரி, உட்காருங்கள். எழுதுகிற பெண்ணும் அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளட்டும். நின்றுகொண்டே எழுதினால் எழுத்து கோணிக்கொண்டு போகும்.

நீங்கள் கேட்ட அளவு நோட்டு இதுதான். வெண்மதியின் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு துண்டுத் துணி வைத்திருக்கிறேன். அந்தப் பெண் செத்து இன்றோடு பதினொரு நாள். மருந்து கொடுத்தது நான்தான் என்று அவள் அம்மா தங்கம்மாள் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றீர்கள். ஏன் கொடுத்தாய் என்று கேட்டால், "தீர்த்தக்கா அளந்து சொன்னாங்க" என்கிறாளாம். அதனால் என்னைத் தேடி வந்தீர்கள். வந்ததும் வராததுமாக நீங்கள் கேட்டது, "தீர்த்தம்மாள், அளவைத் தவறுதலா எழுதிட்டீங்களா?" என்று.

அந்த ஒரு சொல்தான் எனக்கு உறுத்துகிறது. தவறுதலாக. பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட யூனிஃபார்மிலிருந்து கல்யாண ஜாக்கெட் வரைக்கும் என் கைவழியாகத்தான் போயிருக்கிறது. அளவு தப்பிவிட்டது என்று ஒருத்தி திரும்பி வந்தது கிடையாது. நீங்கள் இப்படியே எழுதிக்கொண்டு போனால் நாளைக்கு ஊரே, பாவம், வயசாகிவிட்டது, தையல்காரிக்குக் கண் தெரியவில்லை என்று பேசும். அதை என்னால் தாங்க முடியாது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

வெண்மதியை நீங்கள் போட்டோவில்தான் பார்த்திருப்பீர்கள். முனிராஜுக்கும் தங்கம்மாளுக்கும் ஒரே பெண். சித்தேரி மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கரில் மரவள்ளி போட்டிருக்கிறார்கள். பெண் பி.காம் படித்துவிட்டு பெங்களூரில் ஒரு துணிக்கடையில் இரண்டு வருடம் நின்றாள். போன தை மாதம் வேலையை விட்டுவிட்டு இரண்டு மூட்டையோடு ஊர் வந்து இறங்கினாள். மகள் ஏதோ புடவை வாங்கி வந்திருக்கிறாள் என்று தங்கம்மாள் ஆசையாக அவிழ்த்துப் பார்த்தால், அத்தனையும் பழைய பேன்ட். பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் குவித்துப்போட்டு விற்கிற வெளிநாட்டுப் பழந்துணி. அதிலும் ஐம்பது வருடத்துக்கு முந்திய பெண்கள் பேன்ட். தொப்புளுக்கு மேலே ஏறி உட்காரும் இடுப்பு, முன்னால் இரண்டு மடிப்பு, பக்கவாட்டில் பித்தளை ஜிப், கீழே கோணிப்பை வாய் மாதிரி அகன்ற பாட்டம். கடலுக்கு அந்தப்பக்கம் எவளோ ஒரு வெள்ளைக்காரி போட்டுக் கழித்தது. அவள் செத்த பிறகு வீட்டைக் காலி செய்கிறவர்கள் தூக்கி எறிந்தது. அதைத்தான் எங்கள் ஊர்ப் பெண் மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள்.

அவள் தொழில் என்னவென்றால், அந்தப் பேன்ட்டைப் பிரித்துச் சரிபண்ணி, இந்தக் காலத்துக்குப் பொருந்துகிற மாதிரி போட்டுக் காட்டி, போனில் படம் எடுத்துப் போடுவது. பிடித்தவர்கள் கூரியரில் வாங்கிக்கொள்வார்கள். அப்பாவின் வெள்ளைச் சட்டையை உள்ளே விட்டு, கையை முழங்கை வரை மடித்து, தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு மரவள்ளிக் காட்டு வரப்பில் நிற்பாள். ஒருநாள் அதே பேன்ட்டுக்கு அம்மாவின் பட்டு ஜாக்கெட். இன்னொருநாள் கட்டம் போட்ட லுங்கியில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு புளியமரத்தில் சாய்ந்துகொள்வாள். காலில் ரப்பர் செருப்பு. முப்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள் என்றாள். முப்பதாயிரம் பேருக்கு வேலைவெட்டி இல்லை போலிருக்கிறது என்றேன். சிரித்தாள். எதைச் சொன்னாலும் சிரிக்கிற பெண்.

முதல் பேன்ட் என்னிடம் வந்தது மாசியில். சாம்பல் நிறம், நல்ல கனத்த துணி. "அக்கா, எனக்குப் போடற மாதிரி சரிபண்ணிக் குடுங்க" என்று வைத்துவிட்டுப் போனாள். நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கண்றாவியாகத் தொங்கிய பாட்டத்தை இரண்டு பக்கமும் பிடித்து, காலோடு ஒட்டுகிற மாதிரி பென்சில் ஃபிட் ஆக்கினேன். இடுப்பை இரண்டு அங்குலம் உள்ளே மடித்து இறக்கினேன். இஸ்திரி போட்டு மடித்து வைத்தேன். யார் பார்த்தாலும் புதுத் துணி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

வந்து பார்த்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது. "அய்யோ அக்கா, இடுப்பையும் பாட்டத்தையும்தானே தொடக்கூடாது. அதுக்காவத்தான இத வாங்கறதே." கடையில் அப்போது நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே என் பிளேடை எடுத்துத் தையலைப் பிரித்தாள். என் மிஷினில் உட்கார்ந்தாள். பின்பக்க நடுத்தையலில் மட்டும் அளவாகப் பிடித்து, இடுப்பை ஏற்றி, பாட்டத்தைப் பழையபடி விரித்து, செருப்பைத் தொடுகிற நீளத்துக்கு மடித்துத் தைத்தாள். அரைமணி நேரம். போட்டுக்கொண்டு வந்து நின்றாள். காத்திருந்த நாலு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். நானும் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். பங்குனியில் பள்ளிக்கூட டீச்சர் காவியா தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வெண்மதி போட்ட வீடியோ. முதலில் நான் தைத்த பென்சில் பேன்ட், பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. பிறகு அவள் தைத்தது. பழைய பேன்ட்டை எப்படிக் கெடுக்கக்கூடாது என்று விளக்கம். என் முகம் இல்லை, பேர் இல்லை. என் கை இருந்தது, மேடம். பேன்ட்டை நீட்டிப் பிடித்த என் இரண்டு கை, இந்தப் பச்சை வளையலோடு. கீழே ஆயிரம் பேர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். ஒருத்தி, "யார் இந்தப் பென்சில் அக்கா?" என்று கேட்டிருந்தாள். அவ்வளவுதான், பேர் ஒட்டிக்கொண்டது. எட்டாம் வகுப்புப் பெண்கள் பாவாடைக்கு எலாஸ்டிக் போட வந்தால்கூட ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு, "பென்சில் அக்கா கடைடி" என்பார்கள். நான் தலை நிமிராமல் தைப்பேன்.

வெண்மதிக்குத் தெரிந்ததும் ஓடி வந்தாள். வீடியோவை எடுத்துவிட்டாள். "மன்னிச்சிக்கங்க அக்கா, ஒங்கள வெச்சி சிரிப்பாங்கன்னு நான் நெனைக்கவேயில்ல" என்று அழுதாள். அரை கிலோ அல்வா வாங்கி வந்திருந்தாள். வாங்கிக்கொண்டேன். போகட்டும் விடும்மா என்றேன். அழுகிற பெண்ணிடம் வேறென்ன சொல்வது? அல்வாவை நான் தொடவில்லை. எறும்பு தின்றது.

அதற்குப் பிறகு வேலை எல்லாம் எனக்கே கொடுத்தாள். பரிகாரம் செய்கிறாளாம். பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லித் தைக்க வைத்தாள். இடுப்புப் பட்டியைப் பிரித்தால் உள்ளே கைத்தையல் இருக்கும் அக்கா, அறுக்காமல் உருவுங்கள் என்பாள். உருவிப் பார்ப்பேன். ஐம்பது வருடத்துக்கு முன்னால் எவள் போட்ட தையலோ, எறும்பு ஊர்ந்த மாதிரி அத்தனை சின்னது. எனக்கு அது வராது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஒருநாள் நான் மடிப்பைச் சரியாக அமைத்ததும், "சூப்பருக்கா, நல்லா கத்துக்கிட்டீங்க" என்று தோளில் தட்டினாள். நான் கத்தரிக்கோல் பிடித்தபோது இவள் பிறக்கவே இல்லை. எனக்கு மார்க் போடுகிறாள்.

ஐப்பசியில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அறிவழகன், அதியமான்கோட்டைக்காரன், ஓசூரில் கம்பெனி வேலை. தை மாதம் முகூர்த்தம். அந்தப் பையனுக்கு இவள் பேன்ட் தொழில் பிடித்திருந்ததாம். நிச்சயத்துக்கு மறுநாள் கடைக்கு வந்து, கால் தரையில் பாவாமல் நின்று சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு அதியமான்கோட்டையில் ஹைவே ஓரமாகக் கடை எடுத்து மூன்று மிஷின் போடப் போகிறார்களாம். "நீங்களும் அங்க வந்துருங்க அக்கா. ஒங்களுக்குன்னு ஒரு மிஷின் போட்டுத் தரேன். மாசச் சம்பளம். இந்த எலாஸ்டிக் வேல எல்லாம் எதுக்கு ஒங்களுக்கு?"

மனதாரச் சொன்னாள், மேடம். அதை நான் மறுக்க மாட்டேன். அவளிடம் கெட்ட எண்ணமே கிடையாது. இருந்திருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டு ஆறியிருப்பேன். நல்லெண்ணத்தோடு மிதிக்கிறவளை என்ன சொல்லித் திட்டுவது? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று முழுக்க எனக்கு நெஞ்சு எரிந்தது. அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இறங்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் முகூர்த்த ஜாக்கெட்டை மாப்பிள்ளை வீட்டில்தான் தைத்துக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பெண்ணின் அளவு வேண்டும். பெண்ணைக் கூப்பிட்டு அளந்தால் நன்றாக இருக்காது என்று, பெண்ணுக்கு வழக்கமாகத் தைக்கிறவளிடமே வந்து அளவு கேட்டு, துணியையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதனால் மாப்பிள்ளையின் அம்மா பாஞ்சாலி என்னிடம் வருவாள் என்று எனக்குத் தெரியும். பாஞ்சாலி அங்கன்வாடி டீச்சர் என்பதும் தெரியும். மாதாமாதம் கர்ப்பிணிகளை எடை போட்டு எழுதுகிறவள். வரிசையாக நாலு எண்ணைப் பார்த்தால் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று அவள் கண் தானாகப் பார்க்கும்.

கார்த்திகை கடைசி வாரம் வந்தாள். கூறைப் புடவையிலிருந்து வெட்டிய துணியை மஞ்சள் பையிலிருந்து எடுத்தாள். "பொண்ணோட அளவு ஒங்ககிட்டயே இருக்குதாமே?" என்றாள். இருக்கிறது என்று நோட்டை அந்தப் பக்கத்தில் விரித்து அவள் முன்னால் வைத்தேன். டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனேன். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, மேடம். அதை நீங்கள் அவளிடமே கேட்டுக்கொள்ளலாம்.

நீங்களும் இப்போது அதே பக்கத்தைத்தான் பார்க்கிறீர்கள். இடுப்பு. ஆவணி இருபத்தெட்டு, புரட்டாசி இருபத்தொன்பது, ஐப்பசி முப்பது, கார்த்திகை முப்பத்தொன்று. டீயோடு நான் திரும்பி வந்தபோது பாஞ்சாலி நோட்டை மூடி வைத்திருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. "தைக்கறத அப்பறமா பாத்துக்கலாங்க" என்று துணியைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். டீயைக் குடிக்கவில்லை. நேரே பஸ் ஏறித் தங்கம்மாள் வீட்டுக்குப் போனாள்.

அங்கே அவள் சத்தம் போடவில்லை என்று கேள்விப்பட்டேன். தங்கம்மாளைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், "நான் யாருக்கும் சொல்ல மாட்டன். ஒங்க மானமும் எங்க மானமும் ஒண்ணுதான். தையில வாணாம். மூணு மாசம் போவட்டும், பங்குனியில பாத்துக்கலாம்" என்றாளாம். பெரிய மனுஷித்தனம். மருந்துக்கடையில் கேட்டால் கர்ப்பம் பார்க்கிற பட்டை ஒன்று கொடுக்கிறார்கள், ரெண்டு சொட்டில் தெரிந்துபோகும். தினமும் கர்ப்பிணிகளோடு புழங்குகிறவளுக்கு அது தெரியாதா? தோன்றவில்லை. எழுத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டாள், முடிவு கட்டிவிட்டாள்.

மூன்று மாதம் என்றால் பாஞ்சாலி நினைத்தது, வயிறு இருந்தால் தெரிந்துவிடும் என்று. தங்கம்மாள் நினைத்தது, மூன்று மாதத்துக்குள் வயிறு இல்லாமல் ஆக்கிவிட வேண்டும் என்று. வெண்மதி, இதெல்லாம் பொய் அம்மா, வா டெஸ்ட் எடுக்கலாம் என்று கெஞ்சியிருக்கிறாள். "டெஸ்ட்டுன்னு எறங்கனாலே ஊரு நாறிப்பூடும்டி" என்று தங்கம்மாள் அடித்திருக்கிறாள். பாப்பிரெட்டிப்பட்டி மருந்துக்கடையில் இவளைத் தெரியாதவர்கள் கிடையாது, அரூரில் தங்கம்மாளின் தம்பி மகன் மருந்துக்கடையில்தான் நிற்கிறான். தர்மபுரி போகலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. முனிராஜ் காட்டிலேயே கிடந்தான். மாப்பிள்ளைப் பையன் போனில், எனக்கு உன்மேல் நம்பிக்கை இருக்கிறது, பயப்படாதே என்றானாம். அவனும் அத்தோடு சரி. ஓசூரில் இருந்து வர மூன்று மணி நேரம் ஆகாது. நம்பிக்கையைப் போனிலேயே அனுப்பிவிட்டான்.

கருவைக் கலைக்கிற மருந்தை எவள் அரைத்துக் கொடுத்தாள் என்பது உங்களுக்குத் தெரியும், அவளையும் பிடித்துவிட்டீர்கள். தங்கம்மாள் அதைக் கலக்கி எடுத்துக்கொண்டு வந்தபோது வெண்மதி சண்டை போடவில்லையாம். பத்து நாளாகச் சாப்பிடாமல், தூங்காமல் கிடந்த அம்மாவைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லாத வயித்துல இது என்னம்மா பண்ணிடப்போவுது? குடு, குடிக்கிறன். அப்பவாச்சும் நம்புவியா?" என்று வாங்கிக் குடித்தாளாம். அப்போதும் சிரித்தாளா என்று நான் யாரையும் கேட்கவில்லை. இரண்டு நாள் இருந்தாள். பெரியாஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்து, வயிற்றில் எதுவும் இல்லை, இருந்ததும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதம் உங்களிடம் இருக்கிறது.

அதனால்தானே நீங்கள் என்னைத் தவறுதலாகவா என்று கேட்டீர்கள். வயிற்றில் ஒன்றும் இல்லையென்றால் இடுப்பு எப்படி ஏறும், தையல்காரிதான் தப்பாக எழுதியிருக்கிறாள் என்று. இல்லை, மேடம். அந்த நாலு எண்ணில் ஒன்றுகூடத் தப்பில்லை. அவையெல்லாம் பேன்ட்டின் இடுப்பு.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். உடம்பின் அளவு வேறு, தைக்கிற அளவு வேறு. இந்தப் பழைய பேன்ட்டுக்கு மேலே என்ன போடுகிறாள் என்பதைப் பொறுத்து இடுப்பில் லூஸ் விட வேண்டும். மெல்லிய பட்டு ஜாக்கெட் என்றால் ஒரு அங்குலம் போதும். அப்பாவின் கதர்ச் சட்டையை உள்ளே விட்டால் இரண்டு. மழைக்காலத்துக்குக் கம்பளிச் சட்டை என்றாள், அதற்கு மூன்று. கடைசியாக, பெல்ட் போட்டு இறுக்கினால் இடுப்பில் சுருக்கம் விழ வேண்டும், இப்போது அதுதான் எல்லாரும் கேட்கிறார்கள் என்றாள். நாலு விட்டேன். அவள் உடம்பு ஆவணியிலும் இருபத்தேழு, கார்த்திகையிலும் இருபத்தேழு. என்னதான் தின்றாலும் சதை பிடிக்காத உடம்பு.

வழக்கமாக நான் இரண்டு கட்டம் போட்டு எழுதுவேன். இடப்பக்கம் உடம்பு, வலப்பக்கம் தையல். உங்கள் கையில் இருக்கிற நோட்டில் ஒரு கட்டம்தானே இருக்கிறது? அது புது நோட்டு. பாஞ்சாலி வருவதற்கு முந்தின நாள் வாங்கினேன். பழைய நோட்டு எண்ணெய் பட்டுப் பிசுபிசுவென்று இருந்தது, மாப்பிள்ளை வீட்டார் பார்க்கிறார்களே என்று இருபது பக்கத்தையும் உட்கார்ந்து நகல் எடுத்தேன். மற்றவர்கள் எல்லாருக்கும் இரண்டு கட்டமும் எழுதினேன், புரட்டிப் பாருங்கள். வெண்மதிக்கு மட்டும் வலப்பக்கத்தை எழுதியதோடு நிறுத்திக்கொண்டேன். பழைய நோட்டு மிஷின் டிராயரில் இருக்கிறது. அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிழிக்கவில்லை, கொளுத்தவில்லை. நான் ஒன்றும் திருடி இல்லை.

கல்யாணம் தள்ளிப்போகும் என்றுதான் நினைத்தேன். மூன்று மாதம் வெளியே தலைகாட்டாமல் கிடப்பாள், படம் போட மாட்டாள், ஹைவே கடை நின்றுபோகும். பங்குனியில் வயிறு தட்டையாக இருப்பதைப் பார்த்துவிட்டு அவர்களே வெட்கப்பட்டுக்கொண்டு முகூர்த்தம் வைப்பார்கள். ஜாக்கெட் தைக்க என்னிடம்தான் வர வேண்டும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? நடுவில் தங்கம்மாள் இப்படி அவசரப்படுவாள் என்று நான் எழுதி வைத்திருந்தேனா? பெற்றவளே மகளை நம்பவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தங்கம்மாள் உங்களிடம் அளந்து சொன்னாங்க என்று சொன்னாள் அல்லவா? எழுதினாங்க என்று அவள் சொல்லவில்லை. நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. அவள் படிக்காதவள், நோட்டைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? மருந்து கொடுப்பதற்கு முந்தின நாள் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தாள். கூட்டிக்கொண்டு வந்தாள் என்பதும் சரியில்லை. வெண்மதிதான் அவளை இழுத்துக்கொண்டு வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது, ஆனாலும் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. பத்து நாளாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்துவிட்ட முகம். "அக்கா, எங்கம்மாவுக்கு முன்னாடி என்ன அளந்து சொல்லுங்க. ஆவணியில இருந்ததும் இப்ப இருக்கறதும் ஒண்ணுதான்னு நீங்க சொன்னா இவங்க நம்பிடுவாங்க. என்ன நம்ப மாட்டாங்களாம், ஒங்கள நம்புவாங்களாம்." தங்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க சொல்லிட்டா போதும் தீர்த்தக்கா. நான் வூட்டுக்குப் போயிடறன்."

என் டேப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதோ என் கழுத்தில் கிடப்பதுதான். நாலைந்து வருடத்துக்கு முன்னால் இஸ்திரிப் பெட்டி பட்டு முனை கருகிப்போனது. கருகியதை வெட்டி எறிந்துவிட்டேன். பாருங்கள், நாலாம் நம்பரில்தான் ஆரம்பிக்கிறது. புதுசு வாங்கிக்கொள்ளலாம்தான், கைக்குப் பழகிவிட்டது. அளந்துவிட்டு நாலைக் கழித்துக்கொள்வேன். முப்பத்தாறு, நாலு போக முப்பத்திரண்டு என்று சத்தமாகச் சொல்லித்தான் எழுதுவேன். பழகிய வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் தெரியும்.

வெண்மதி தாவணியைத் தள்ளிவிட்டுக் கையைத் தூக்கி நின்றாள். சுற்றி எடுத்து முன்னால் கொண்டுவந்து பிடித்தேன். இறுக்கவும் இல்லை, தளர்த்தவும் இல்லை. கனகச்சிதமாகப் பிடித்தேன். முப்பத்தொன்று என்று காட்டியது. நோட்டில் இருந்த அதே முப்பத்தொன்று. அப்படிப் பொருந்தி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, சத்தியமாக. "முப்பத்தொண்ணு" என்றேன்.

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். வெண்மதி காத்துக்கொண்டிருந்தாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நாலு கழிக்கணுமே" என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "அம்மா, இந்த டேப்புல நாலு கழிக்கணும்மா, அக்கா சொல்லுவாங்க பாரு" என்றாள். தங்கம்மாள் என் பக்கம் திரும்பினாள். நம்பலாமா என்று கேட்கிற முகம். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. "என்னம்மா இது, டேப்பு எல்லா ஊர்லயும் டேப்புதான். நாலக் கழி, அஞ்சக் கழின்னா, ஒனக்கு வேண்டியதுவரைக்கும் கழிச்சிக்கினே போவலாம்" என்றேன். நிதானமாகத்தான் சொன்னேன். தங்கம்மாள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். வெண்மதி வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் ஒன்று சொல்லி அவள் சிரிக்காமல் போனது அப்போதுதான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். தவறுதலாக என்பதை அடித்துவிடுங்கள். தெரிந்துதான் செய்தேன், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள், மேடம். டேப்பில் முப்பத்தொன்று என்று இருந்தது. இருந்ததைத்தான் படித்தேன்.